யார் எழுந்து நிற்பது?

1

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்த முதல் வாரத்தில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளை என்ன கற்றுக்கொள்கிறது? 'ஆனா, ஆவன்னா' என்று சட்டென்று பதில் சொல்லிவிடலாம். பெரும்பாலும் அது உண்மையில்லை. புத்தகக் கட்டு பிரித்துக் கொடுத்து முடிப்பதற்குள்ளேயே பிள்ளை வேறு சிலவற்றைக் கற்று முடித்துவிடுகிறது. யார் பக்கத்தில் யார் உட்காருவது, யாரை டீச்சர் பேர் சொல்லிக் கூப்பிடுகிறார், யாரை 'ஏய்' என்கிறார், துடைப்பம் யார் கைக்குப் போகிறது, பதில் சொல்லாவிட்டாலும் பரவாயில்லை என்று யார் விடப்படுகிறார்கள். எழுத்துக்கு முந்தி வரிசை வந்துவிடுகிறது. அந்த வரிசையை யாரும் கரும்பலகையில் எழுதிப் போடுவதில்லை. ஆனால் வகுப்பில் இருக்கிற எல்லாப் பிள்ளைகளும், படிப்பு வராது என்று சொல்லப்படுகிற பிள்ளையும்கூட, அதைத் தப்பில்லாமல் படித்துவிடுகிறார்கள்.

இந்த வாரத்தில்தான் ஒரு பழைய கேள்வி வருஷா வருஷம் திரும்ப வருகிறது. சேர்க்கைப் படிவத்தில் பெயர், பிறந்த தேதி, அப்பா பெயர் எழுதி முடித்ததும் ஒரு கட்டம் இருக்கிறது. வகுப்பு என்றோ சமூகம் என்றோ கம்யூனிட்டி என்றோ போட்டிருக்கும். ஒரு பிள்ளையின் சாதி அதற்குப் பாடம் சொல்லித் தருகிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டுமா, வேண்டாமா? கேட்பதற்குச் சின்னக் கேள்வி. ஆனால் சமத்துவம் என்றால் என்ன என்கிற பெரிய கேள்வி இதற்குள் உட்கார்ந்திருக்கிறது. தெரியாமல் இருப்பது சமத்துவமா? தெரிந்து நடந்துகொள்வது சமத்துவமா? தெரிந்தால் என்ன செய்ய வேண்டும்?

கடலூர், சிதம்பரம் வட்டாரத்து ஆசிரிய நண்பர்களோடு பேசும்போது அடிக்கடி கேட்கிற பதில் இது: "எனக்கு எல்லாப் புள்ளைங்களும் ஒண்ணுதாங்க. யாரு எந்தத் தெருன்னுகூட நான் பாக்கறதில்ல." இதைச் சொல்கிறவர்கள் கெட்டவர்கள் இல்லை. சங்கத்தில் இருக்கிறவர்கள், கூட்டங்களுக்கு வருகிறவர்கள், நம்மோடு சேர்ந்து கோஷம் போடுகிறவர்கள். அவர்கள் மனசை நான் சந்தேகப்படவில்லை. ஆனால் அந்த 'ஒண்ணு' எது என்று கேட்க வேண்டியிருக்கிறது.

பள்ளிக்கூடம் திறந்த பத்தாவது நாள் வீட்டுப்பாடம் வருகிறது. "அம்மாகிட்ட காட்டிக் கையெழுத்து வாங்கிட்டு வா" என்கிறார் டீச்சர். அம்மா விடியற்காலையில் களையெடுக்கப் போய்விட்டு இருட்டித் திரும்புகிறவர், கையெழுத்துக்குப் பதில் கட்டைவிரல் வைக்கிறவர் என்பது 'ஒண்ணுதான்' என்று நினைக்கிறவருக்குத் தோன்றுவதில்லை. எல்லாப் பிள்ளைகளும் ஒன்று என்று சொல்லும்போது அவர் மனதில் இருக்கிற பிள்ளை, படித்த அம்மாவும் எரிகிற விளக்கும் உட்கார்ந்து எழுத ஓர் இடமும் உள்ள பிள்ளை. பெரும்பாலும் அவர் வீட்டுப் பிள்ளை. ஆக, சாதியைப் பார்க்காத கண் என்று ஒன்று இல்லை. எந்த வீட்டை அளவாக வைத்துப் பார்க்கிறோம் என்பதைப் பார்க்காத கண்தான் இருக்கிறது.

2

எதிர்ப்பக்கமும் ஒன்று இருக்கிறது. நான் மூன்றாம் வகுப்பில் கண்டது அது. எந்த ஊர், எந்தப் பள்ளி என்பதை இங்கே எழுதப்போவதில்லை. கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவில் எத்தனையோ பள்ளிகள். 90களில் படித்த நம்மில் பலருக்கு இது எங்கே நடந்தது என்று கேட்கத் தேவையிருக்காது.

ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கு மூன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை அரசு அப்போது வருஷத்துக்கு 500 ரூபாய் ஊக்கத்தொகை கொடுத்தது. இடையில் நின்றுவிடக்கூடாது என்பதற்காகக் கொடுத்த பணம். அதற்குப் பட்டியல் அனுப்ப வேண்டும். டீச்சர் ஒரு வெள்ளைத்தாளோடு வந்து நின்றார். "எஸ்.சி. பொண்ணுங்கல்லாம் எழுந்திரிங்க, எண்ணணும்." எழுந்தோம். எண்ணினார். கணக்கு இடித்தது. இன்னொரு தடவை எண்ணினார். அப்போது நடு வரிசையிலிருந்து ஒரு குரல்: "டீச்சர், அவ எழுந்திரிக்கல. அவளும் அவங்கதான்."

ஒருத்தி எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தாள். எட்டு வயதுப் பிள்ளை. மேசைக்குக் கீழே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். காட்டிக்கொடுத்ததும் எட்டு வயதுப் பிள்ளைதான். அதற்குக் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. கூட்டல் கணக்கில் விட்டுப்போன எண்ணை எடுத்துச் சொல்கிற மாதிரி, உதவியாகத்தான் சொன்னது. அன்றைக்கு வகுப்பு முழுக்க ஒரு பாடத்தைச் சரியாகப் படித்திருந்தது. அந்தப் பாடத்தில் நாங்கள் எல்லோரும் பாஸ்.

இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்த டீச்சர்தான் எங்களுக்காக பஸ் ஏறி அலுவலகத்துக்கு அலைந்து பணத்தை வாங்கிக்கொண்டு வந்தவர். வாங்காத பிள்ளையின் வீட்டுக்கு ஆளனுப்பியவர். எழுந்து நிற்க வைத்த வாயும் பணம் கொண்டுவந்த கையும் ஒரே ஆளுடையவை. அம்மாவிடம் சொன்னபோது அம்மா கேட்டது இன்னும் கஷ்டமான கேள்வி. "நின்னா இன்னாடி? காலு நோவுதா? காசு குடுக்கறாங்க இல்ல?"

அம்மாவுடைய கேள்வியை அலட்சியமாகத் தள்ளிவிட்டு எழுதப்படுகிற எந்தத் தத்துவமும் நமக்கு உதவாது. 500 ரூபாய் இல்லாமல் மானத்தோடு இருப்பதா, நின்று வாங்கிப் படிப்பதா என்று வந்தால் சேரித் தாய் நின்று வாங்கு என்றுதான் சொல்வாள். அவள் சரியாகத்தான் சொல்கிறாள். ஆனால் அந்த இரண்டில் ஒன்றைத்தான் எடுக்க வேண்டும் என்று அவளை நிறுத்தியது யார்? மானத்தையும் பணத்தையும் ஒரே தராசின் இரண்டு தட்டில் வைத்தது அவள் இல்லை.

3

வகுப்பறைக்கு நம் சாதி தெரியாமல் இருந்த காலம் என்று ஒன்று இருந்ததே கிடையாது. அம்பேத்கர் சாதாராவில் படித்தபோது கோணித்துண்டை வீட்டிலிருந்து தூக்கிக்கொண்டு போய் மூலையில் போட்டு உட்கார வேண்டியிருந்தது. பள்ளியைக் கூட்டுகிற ஆள் அந்தக் கோணியைத் தொடமாட்டார் என்பதால் தினமும் திரும்பத் தூக்கிவர வேண்டியிருந்தது. தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட பியூன் இல்லாத நாளில் தாகத்தோடு இருந்தார். 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்கிற தன்னுடைய குறிப்புகளில் இதை அவரே எழுதிவைத்திருக்கிறார். அந்தப் பள்ளிக்கூடத்துக்கு அவருடைய சாதி மிக நன்றாகத் தெரிந்திருந்தது.

நம் மண்ணிலும் அப்படித்தான். காட்டுமன்னார்கோயில்காரர் எல். இளையபெருமாள் பள்ளி நாட்களில், சேரிப் பிள்ளைகளுக்கென்று தனியாக வைத்திருந்த தண்ணீர்ப் பானையைத் திரும்பத் திரும்ப உடைத்துப்போட்டார். கடைசியில் எல்லோருக்கும் ஒரே பானை வந்தது. இந்த வட்டாரத்தில் பலரும் அறிந்த கதை இது. பானை உடைத்த பையன் 1952இல் கடலூரிலிருந்து நாடாளுமன்றத்துக்குப் போனார். தீண்டாமை பற்றியும் தாழ்த்தப்பட்டோர் கல்வி, பொருளாதார நிலை பற்றியும் ஆராய 1965இல் மத்திய அரசு அமைத்த குழுவுக்குத் தலைவராக இருந்து 1969இல் அறிக்கை கொடுத்தார். அதற்கப்புறமும் பானை போகவில்லை. 1995இல் சேலம் மாவட்டத்தில் ஒரு தலித் சிறுமி, சாதி இந்துப் பிள்ளைகளுக்கு என்றிருந்த பானையில் தண்ணீர் எடுத்துக் குடித்தாள் என்பதற்காக ஆசிரியரிடம் அடிபட்டு ஒரு கண் பார்வையை இழந்தாள். அந்த வருஷம் நம் பத்திரிகைகளில் அதைப் பற்றி எழுதாதவர் குறைவு.

இந்த வகுப்பறைகள் எல்லாம் தெரிந்துகொண்டவை. தெரிந்துகொண்டு ஒதுக்கியவை.

அதே காலத்தில் தெரிந்துகொண்டு வேறு மாதிரி செய்த ஒருவரும் நம் பக்கத்தில் இருந்திருக்கிறார். ஆரணி அருகில் மேல்புதுப்பாக்கத்தில் 1890இல் பிறந்து சிதம்பரத்துக்கு வந்து சேர்ந்த சுவாமி சகஜானந்தர். 1916இல் அவர் நந்தனார் பெயரில் பள்ளி ஆரம்பித்தார். நந்தன் எந்த ஊரில் வாசலில் நின்றான் என்று கதை சொல்கிறதோ, அந்த ஊரிலேயே அந்தப் பெயரைப் பள்ளிக்கூடத்துக்கு வைத்தார். சட்டமன்றத்திலும் நீண்ட காலம் இருந்து 1959இல் இறக்கும்வரை கல்வி கல்வி என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அவர் பிள்ளைகளின் சாதியைத் தெரியாதவர் மாதிரி நடிக்கவில்லை. தெரிந்த காரணத்தால்தான் பள்ளி கட்டினார், விடுதி கட்டினார், சோற்றுக்கு அலைந்தார். பிள்ளை நின்ற இடத்திலேயே நிற்க, அலைச்சல் அவருக்கு வந்தது.

இந்த வித்தியாசத்தைத்தான் நான் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளச் சொல்கிறேன். ஒரு பிள்ளையின் சாதி தெரியவந்த பிறகு வேலை யாருக்குக் கூடுகிறது என்று பாருங்கள். பிள்ளைக்குக் கூடினால், அதாவது பிள்ளை எழுந்து நிற்க வேண்டும், தள்ளி உட்கார வேண்டும், கோணி தூக்க வேண்டும், துடைப்பம் எடுக்க வேண்டும் என்றால் அது சாதியின் அறிவு. ஆசிரியருக்கும் அதிகாரிக்கும் கூடினால், அதாவது அவர்கள் எழுந்து நடக்க வேண்டும், படிவம் நிரப்ப வேண்டும், கூடுதலாக அரைமணி உட்கார்ந்து சொல்லித்தர வேண்டும் என்றால் அது நீதியின் அறிவு. தெரிந்துகொள்வது ஒரு கடன். தெரிந்துகொண்டவர்தான் அதைக் கட்ட வேண்டும்.

4

முற்போக்கு நண்பர்கள் சிலர் வேறு வழி சொல்கிறார்கள். அந்தக் கட்டத்தையே காலியாக விட்டுவிடுவோம் என்கிறார்கள். சாதி, மதம் குறிப்பிட விரும்பாத பெற்றோர் குறிப்பிடாமலே பிள்ளையைச் சேர்க்கலாம் என்று தமிழக அரசு 1973லேயே ஆணை போட்டிருக்கிறது. நல்ல ஆணை. சாதியைக் கைவிட விரும்புகிற சாதி இந்து தாராளமாகச் செய்யட்டும். செய்தால் சந்தோஷம்தான். ஆனால் இதைப் பொது மருந்தாக எல்லோருக்கும் எழுதிக்கொடுக்கிறவர்கள் கிள்ளைப் பக்கம், பிச்சாவரம் பக்கம் ஒரு நடை போய்வர வேண்டும்.

அங்கே இருளர் குடியிருப்புகள் இருக்கின்றன. ஆற்றிலும் கழிமுகத்திலும் கையால் இறால் பிடித்துப் பிழைக்கிறவர்கள். அவர்கள் பழங்குடிப் பட்டியலில் இருக்கிறவர்கள்தான். ஆனால் பட்டியலில் இருப்பது வேறு, கையில் சான்றிதழ் இருப்பது வேறு. ஆதிதிராவிடருக்குச் சாதிச் சான்றிதழை வட்டாட்சியர் கொடுத்துவிடுகிறார். பழங்குடிச் சான்றிதழ் என்றால் கோட்டாட்சியர், சார் ஆட்சியர் வரைக்கும் போக வேண்டும். அப்பா பேரில் சான்று இருக்கிறதா, தாத்தா பேரில் ஏதாவது காகிதம் இருக்கிறதா என்று கேட்பார்கள். வெள்ளத்தில் போனதோ எரிந்து போனதோ, முதலில் இருந்ததோ இல்லையோ, அந்தக் காகிதத்துக்காக வருஷக்கணக்கில் அலைகிற குடும்பங்கள் உண்டு. இன்னொரு பக்கம், செங்கல் சூளைக்கு முன்பணம் வாங்கிக்கொண்டு குடும்பத்தோடு போகிறவர்களின் பிள்ளைகள். சூளை வேலை முடிந்து ஊர் திரும்பும்போது வகுப்பில் இருக்கை எல்லாம் பிடித்து முடிந்திருக்கும்.

அந்தப் பிள்ளையின் கட்டம் ஏற்கெனவே காலியாகத்தான் இருக்கிறது. அந்தக் காலி அதற்கு விடுதலை எதையும் கொடுக்கவில்லை. உதவித்தொகை இல்லை, விடுதி இல்லை, பத்தாம் வகுப்புக்கு மேல் போனால் இட ஒதுக்கீடு இல்லை. ஒரே வகுப்பில் ஒரு பிள்ளையின் சாதியைப் பத்து பேர் முன்னால் சத்தம் போட்டுச் சொல்கிறார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற இன்னொரு பிள்ளையின் சாதியை, அதுவே கெஞ்சிக் கேட்டாலும், எழுதித்தர மறுக்கிறார்கள். சொல்லக்கூடாத இடத்தில் சொல்வதும் சொல்ல வேண்டிய இடத்தில் மறுப்பதும் ஒரே அதிகாரத்தின் இரண்டு வேலைகள். இரண்டிலும் அலைகிறது, நிற்கிறது நம் பிள்ளைதான்.

அதனால் காலி விடுவது தீர்வாகாது. பதிவேடு தெரிந்துகொள்ளட்டும். வகுப்பறை வாய் திறக்காமல் இருக்கட்டும்.

5

இது நடக்காத காரியம் இல்லை. இன்றைக்கு ஒவ்வொரு மாணவரின் விவரமும் எமிஸ் கணினித் தளத்தில் எண் போட்டு ஏற்றப்பட்டிருக்கிறது. பட்டியல் வேண்டுமென்றால் தலைமையாசிரியர் தன் அறையில் உட்கார்ந்தபடி எடுத்துக்கொள்ளலாம். வகுப்பில் வந்து யாரையும் எழுப்பி எண்ணுவதற்கு ஒரு காரணமும் மிச்சமில்லை.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனையும் அவன் தங்கையையும் உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதற்குப் பிறகு அரசு அமைத்த நீதிபதி கே. சந்துரு ஒருநபர் குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கையில் கட்டுகிற வண்ணக்கயிறு பற்றிய பரிந்துரைதான் வெளியே அதிகம் பேசப்பட்டது. நான் முக்கியமாக நினைப்பது வேறு மூன்று. வருகைப் பதிவேட்டில் சாதி பற்றிய எந்தக் குறிப்பும் இருக்கக்கூடாது. உதவித்தொகை விவரங்களை வகுப்பில் அறிவிக்காமல் ரகசியமாகக் கையாள வேண்டும். மாணவர்களை அகர வரிசைப்படி உட்கார வைக்க வேண்டும்.

மூன்றாவதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். தெருவின் வரிசையை எடுத்துவிட்டு எழுத்தின் வரிசையைப் போடச் சொல்கிறது. அன்பழகனுக்குப் பக்கத்தில் ஆனந்தி, ஆனந்திக்குப் பக்கத்தில் இளவரசன். ஏன் இங்கே உட்காருகிறோம் என்று பிள்ளை கேட்டால் டீச்சர் வெட்கப்படாமல் பதில் சொல்ல முடியும்: "அ-வுக்கு அப்புறம் ஆ வருது இல்ல, அதனால." ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு எழுத்து செய்கிற முதல் வேலையே தெருவைக் கலைப்பது என்றால், அதைவிட நல்ல ஆரம்பம் எது? இப்படி உட்கார்ந்து படித்தால் சாதி ஒழிந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. மணி அடித்ததும் பிள்ளைகள் அவரவர் தெருவுக்குத்தான் போவார்கள். 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்போவதாக 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். சொல்லை எடுத்தால் தெரு நகர்ந்துவிடாது. ஆனால் ஒரு நாளில் ஆறு மணி நேரமாவது வேறு வரிசையில் உட்கார்ந்து பழகிய உடம்பு அதை மறந்துவிடாது.

இங்கே நம் தோழர்களிடமிருந்தே ஒரு மறுப்பு வரும். வர வேண்டும். "ரகசியமா வைன்னு சொன்னா, அது அவமானம்னு நாமே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடாதா? தலித்துன்னு நெஞ்சை நிமித்திச் சொல்லுன்னு நாப்பது வருஷமா எழுதிட்டு வர்றோம். இப்ப புள்ளைங்கள ஒளிஞ்சிக்கச் சொல்றதா?"

நியாயமான கேள்வி. இதற்கு எனக்குத் தோன்றுகிற பதில் இது. நான் தலித் என்று ஒருவர் சொல்வது ஒரு செயல். அதற்கு வயசு வேண்டும், கூட ஆள் வேண்டும், அந்தச் சொல்லைத் தலைகீழாகத் திருப்பிப்போட்ட வரலாறு தெரிந்திருக்க வேண்டும். எஸ்.சி. பிள்ளைகள் எழுந்திரு என்று இன்னொருவர் சொல்வது வேறு செயல். முதலாவதில் சொல்கிறவர் நாம். இரண்டாவதில் சொல்லப்படுகிறவர் நாம். ஆறு வயதுப் பிள்ளை தன் பெயரைத் தானே எடுத்துச் சொல்கிற நாள் வரும்வரை அதை வேறொருவர் எடுத்துப் புழங்காமல் பார்த்துக்கொள்வதுதான் ரகசியம் என்பதன் அர்த்தம். இதில் ஒளிவதற்கும் ஒன்றுமில்லை. யார் எந்தத் தெரு என்று ஊருக்கே தெரியும். ஊருக்குத் தெரிந்ததை அரசாங்கத்தின் குரலில், ஆசிரியர் வாயால், முத்திரை குத்திச் சொல்லாதே என்பதுதான் கோரிக்கை.

6

கற்றல் அளவு பற்றியும் இதையே கேட்க வேண்டும். கொரோனாவால் மூடிய தொடக்கப் பள்ளிகள் 2021 நவம்பரில்தான் திறந்தன. 2022 ஜூனில் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை வந்தது. பிள்ளைகளை வயதுக்கும் வகுப்புக்கும் பதிலாக இப்போது என்ன தெரியும் என்பதை வைத்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துச் சொல்லித்தருகிற முறை. எழுத்தே தெரியாத பிள்ளையை மூன்றாம் வகுப்புப் புத்தகத்தின் முன்னால் உட்கார வைத்து 'மக்கு' என்று திட்டுவதைவிட இது எவ்வளவோ மேல். தெரிந்துகொண்டு கொடுப்பது என்று நான் சொல்வதற்கு இது ஓர் உதாரணமாக இருக்க முடியும்.

இருக்க முடியும் என்றுதான் சொல்கிறேன். வீட்டில் எழுத்தே நுழையாத பிள்ளைகள் ஜூன் மாதம் அரும்பில்தான் இருப்பார்கள். அதில் நம் பிள்ளைகள் அதிகம் இருந்தால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. ஆனால் தீபாவளிக்கும் அதே பிள்ளைகள், பொங்கலுக்கும் அதே பிள்ளைகள் என்றால் 'அரும்பு' என்பது அந்த வகுப்பில் சேரிக்கு வைத்த இன்னொரு பெயர் ஆகிவிட்டது என்று அர்த்தம். அளந்து பார்த்தவர் அதற்குப் பிறகு என்ன செய்தார் என்று கேட்க வேண்டும். அளவு பிள்ளையைப் பற்றிய தீர்ப்பா, ஆசிரியருக்குக் கொடுத்த வேலையா?

இந்த அளவுகளில் எல்லாம் அகப்படாத ஒரு கற்றல் குறைபாடு இருக்கிறது. 2022 செப்டம்பரில் தென்காசி மாவட்டம் பாஞ்சாகுளத்தில், தின்பண்டம் வாங்கப் போன தலித் பள்ளிப் பிள்ளைகளிடம், கொடுக்கக்கூடாது என்று ஊரில் கட்டுப்பாடு போட்டிருக்கிறது, வீட்டில் போய்ச் சொல்லுங்கள் என்று கடைக்காரர் திருப்பி அனுப்பியதை எல்லோரும் வீடியோவில் பார்த்தோம். அதே மாதம் காலை உணவுத் திட்டம் தொடங்கியது. 2023 ஆகஸ்டில் அது எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் போனது. அடுத்த மாதமே தூத்துக்குடி மாவட்டம் உசிலம்பட்டியில், சமைத்தவர் தலித் பெண் என்பதால் பிள்ளைகள் சாப்பிடவில்லை. அதிகாரிகளும் அரசியல் தலைவர்களும் போய் உட்கார்ந்து சேர்ந்து சாப்பிட வேண்டியிருந்தது.

பசியோடு வந்த ஐந்து வயதுப் பிள்ளை, சூடான உப்புமாவைப் பார்த்து வேண்டாம் என்கிறது. எவ்வளவு கெட்டியாகப் படித்திருந்தால் பசியையும் தாண்டி அந்தப் பாடம் நினைவில் நிற்கும்! அந்தப் பிள்ளை எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டால் மலரில் உட்கார வைத்துவிடுவோம். அது படித்துவைத்திருக்கிற மற்ற பாடத்தை அளக்க எந்தச் செயலியிலும் கேள்வி இல்லை. பின்தங்கிய பிள்ளை என்றால் எப்போதும் நம் பிள்ளையைத்தான் காட்டுகிறார்கள். இன்னொரு பிள்ளையின் கையிலிருந்து சோறு வாங்கத் தெரியாத பிள்ளை எந்த விதத்தில் முன்னேறிய பிள்ளை? ஆண்டுத் தொடக்கத்தில் அடிப்படையிலிருந்து சொல்லித்தர வேண்டியது அதற்கும்தான். அதை அந்தப் பிள்ளைமேல் குற்றமாகவும் போட முடியாது. அதற்கு அதைச் சொல்லிக்கொடுத்தவர்கள் வீட்டில் இருக்கிறார்கள்.

7

நம் வட்டாரத்தில் பல ஊர்களில் இதற்கெல்லாம் வாய்ப்பே இல்லாத நிலைமையும் இருக்கிறது. காலையில் மஞ்சள் வேன் ஊர்த்தெருவில் வந்து நிற்கிறது. ஊர்ப்பிள்ளைகள் ஏறி இங்கிலீஷ் மீடியத்துக்குப் போய்விடுகிறார்கள். நம் ஆட்களிலும் கடன் வாங்கிப் பணம் கட்ட முடிந்தவர்கள் அதே வேனில் ஏற்றிவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் மிச்சமிருப்பது இருபது, முப்பது பிள்ளைகள். எல்லோரும் நம் பிள்ளைகள். அங்கே அகர வரிசையில் உட்கார வைத்தால் எந்தத் தெரு கலையும்?

1916இல் சகஜானந்தர் தனிப்பள்ளி கட்டினார். மற்ற கதவுகள் மூடியிருந்ததால், நம் கைக்கு ஒரு கதவு வேண்டும் என்று கட்டினார். இன்றைக்கு இருப்பதை யாரும் கட்டவில்லை. மற்றவர்கள் எழுந்து போனதால் தானாக உண்டான தனிப்பள்ளி இது. கல்வி உரிமைச் சட்டம் 60 பிள்ளைகள் வரை இருக்கிற தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள் என்று கணக்குப் போட்டிருக்கிறது. ஐந்து வகுப்புக்கு இரண்டு பேர். அதில் ஒருவர் தலைமையாசிரியர். அவர் கூட்டத்துக்குப் போகிற நாளில் ஒருவர். பிள்ளைகள் குறைந்தார்கள், அதனால் ஆசிரியர் குறைவு. ஆசிரியர் குறைவு, அதனால் இன்னும் பிள்ளைகள் குறைகிறார்கள். இந்த வகுப்பறையில் யாரும் யாரையும் சாதி சொல்லி எழுப்புவதில்லை. பள்ளியே மொத்தமாக எழுந்து நிற்கிறது, ஊர் உட்கார்ந்து பார்க்கிறது.

இங்கேயும் அதே அளவுகோல்தான். இந்தப் பள்ளியில் யார் படிக்கிறார்கள் என்று அரசுக்கு எமிஸில் ஒரு தட்டு தட்டினால் தெரியும். தெரிந்த பிறகு வேலை யாருக்கு வருகிறது? தலைக்கணக்கு பார்த்து இரண்டு ஆசிரியர் போதும் என்று விட்டால், தெரிந்தும் கடனைக் கட்டவில்லை என்று அர்த்தம். வகுப்புக்கு ஓர் ஆசிரியர் என்று கேட்பது சலுகை கேட்பது ஆகாது. வீட்டில் சொல்லித்தர ஆள் இல்லாத பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தில் ஆள் வேண்டும் என்பது சாதாரண நியாயம்.

மாணவத் தோழர்களுக்கும் இயக்கத்தில் இருக்கிறவர்களுக்கும் ஒரு வேலையைச் சொல்லி முடிக்கிறேன். ஒவ்வொரு அரசுப் பள்ளிக்கும் பள்ளி மேலாண்மைக் குழு இருக்க வேண்டும் என்பது சட்டம். அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப்பேர் பெண்கள், ஒடுக்கப்பட்ட பிரிவுப் பெற்றோருக்கு அவர்கள் எண்ணிக்கைக்கு ஏற்ற இடம். நம் தெருப் பெண்கள் பேரும் அதில் இருக்கும். நிறைய பேருக்குத் தங்கள் பேர் இருப்பதே தெரியாது. ஜூன் மாதக் கூட்டத்துக்கு முன்னால் அவர்கள் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து பேசுங்கள். கூட்டத்தில் கேட்க வேண்டியவை நான்கே கேள்விகள். பிள்ளைகள் எந்தக் கணக்கில் உட்கார வைக்கப்பட்டிருக்கிறார்கள்? உதவித்தொகைப் பட்டியல் எங்கே, எப்படி எடுக்கப்பட்டது? சான்றிதழ் இல்லாத பிள்ளைகள் எத்தனை பேர், அவர்களுக்காகப் பள்ளியிலிருந்து யார், எந்தத் தேதியில் அலுவலகம் போனார்? போன வருஷம் அரும்பில் இருந்த பிள்ளைகள் இப்போது எங்கே இருக்கிறார்கள்?

கேட்கப் போகிறவர்கள் வாசற்படியாண்ட நின்றுகொண்டு கேட்க வேண்டாம். உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்து கேட்கட்டும். பதில் சொல்ல வேண்டியவர் எழுந்து சொல்லட்டும்.